பலனை எதிர்பாராமல் இருப்பது என்றால் உரிமையைக் கேட்காமல் இருப்பதா?

கேள்வி:

எனக்கு வயது 43. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நீண்ட காலமாகப் பணிபுரிகிறேன். என் தாயார் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தத் துயரத்திலிருந்து மீள வழிதேடிக் கீதை வகுப்பில் சேர்ந்தேன். உபநிடதச் சொற்பொழிவுகளும் கேட்டுவருகிறேன். அவை எனக்கு மிகுந்த ஆறுதல் தந்தன. ஆனால் இப்போது குழம்பி நிற்கிறேன். நான் தயாரித்த அறிக்கையைச் சக ஊழியர் ஒருவர் தன்னுடையதாகக் காட்டிப் பதவி உயர்வு பெற்றுவிட்டார். "கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் இரவில் படுத்தால் அதே நினைவுதான் வருகிறது. "நீ முன்போல் இல்லை, எதிலும் ஒட்டுவதில்லை" என்கிறார் கணவர். பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கும் மகனின் மதிப்பெண்ணில் பற்று வைக்கக் கூடாது என்று ஒதுங்கியிருக்கிறேன். அவனோ அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்கிறான். படுக்க நள்ளிரவு ஆனாலும் காலை நாலரை மணிக்கு எழுந்து தியானத்தில் அமர்கிறேன். மனம் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. அம்மாவை நினைத்து அழுகை வந்தால், இவ்வளவு கேட்டும் பக்குவம் வரவில்லையே என்று குற்ற உணர்வு வாட்டுகிறது. காட்டில் வாழ்ந்த முனிவர்கள் சொன்னவை, குடும்பம், அலுவலகம் என்று ஓடுகிற நமக்குப் பொருந்துமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்றக் குழப்பங்கள் எல்லாம் அதில்தான் வேர்விட்டிருக்கின்றன. இந்த உபதேசங்கள் உலகைத் துறந்தவர்களுக்காகச் சொல்லப்பட்டவை என்று நீங்கள் கருதுகிறீர்கள். ஆகவே அவற்றைப் பின்பற்றுவது என்றால் வீட்டிலிருந்தபடியே சிறிது சிறிதாகத் துறவியாக மாறுவது என்று முடிவுசெய்து, அந்த முயற்சியில் களைத்துப்போயிருக்கிறீர்கள். உபநிடத ஞானத்தில் ஒரு பகுதி வனத்தில் விளைந்தது உண்மைதான். ஆனால் அங்கேயும் மிதிலை மன்னர் ஜனகர் அரசாண்டுகொண்டே அவையில் ஞான விசாரம் நடத்துகிறார்; யாக்ஞவல்கியர் இல்லறத்தில் இருந்த காலத்திலேயே ஞானியாகப் போற்றப்பட்டவர்; ஈசாவாஸ்ய உபநிடதம் தன் இரண்டாவது மந்திரத்திலேயே, செயல்களைச் செய்துகொண்டே நூறாண்டு வாழ விரும்ப வேண்டும் என்று சொல்கிறது. கீதையோ, உறவும் பகையும் பொறுப்பும் ஒன்றாகச் சேர்ந்து அழுத்திய ஒரு நாளில், இரு படைகளுக்கு நடுவே நின்ற ஓர் இல்லறத்தானுக்குச் சொல்லப்பட்டது. உங்கள் அலுவலகமும் வீடும் அந்த உபதேசத்துக்கு வெளியே இல்லை.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். அன்று துறவைப் பற்றிப் பேசியவன் அர்ச்சுனன்தான். ஆசிரியர்களைக் கொன்று இன்பம் துய்ப்பதைவிடப் பிச்சையெடுத்து உண்பதே மேல் என்று கீதையின் 2-ஆம் அத்தியாயத்தின் 5-ஆம் சுலோகத்தில் அவன் சொல்கிறான். கேட்பவர் யாருக்கும் அது உயர்ந்த வைராக்கியமாக, அதாவது பற்றற்ற மனநிலையாகத்தான் தோன்றும். ஆனால் அதற்கு முன்பே, இது மனத்தளர்ச்சி, இதை உதறி எழுந்திரு என்று கண்ணன் சொல்லிவிட்டான். சற்றுப் பின்னர், வருந்தத் தகாதவர்களுக்காக வருந்திக்கொண்டே அறிஞர்களைப் போலப் பேசுகிறாய் என்று நேரடியாகச் சுட்டிக்காட்டுகிறான். கலங்கிய மனம் ஞானத்தின் மொழியை எடுத்து அணிந்துகொள்ளக்கூடும் என்பதைக் கீதை தன் தொடக்கத்திலேயே கண்டுகொள்கிறது. சாத்திரங்களைச் சிரத்தையோடு அணுகும் பலரை மனநல ஆலோசகராக நான் தொடர்ந்து சந்திக்கிறேன். அவர்களில் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். மோதலுக்கு அஞ்சுகிறவர் தம் அச்சத்தைப் பொறுமை என்கிறார். மறுக்கப்படுவோம் என்று தயங்குகிறவர் தம் தயக்கத்தைப் பற்றின்மை என்கிறார். இதில் வஞ்சகம் ஏதும் இல்லை. தமக்குத் தெரியாமலேயே அவர்கள் இப்படிச் செய்கிறார்கள்.

உங்கள் அறிக்கை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பற்றிக்கொண்ட அந்தச் சுலோகம் 2-ஆம் அத்தியாயத்தின் 47-ஆவது. செயலில் மட்டுமே உனக்கு உரிமை, பலன்களில் ஒருபோதும் இல்லை, பலனைத் தூண்டுகோலாகக் கொள்ளாதே என்று மூன்று பாகங்களில் சொல்லிவிட்டு, நான்காவது பாகத்தில், செயல்படாமல் இருப்பதிலும் உனக்குப் பற்று வேண்டாம் என்று அது முடிகிறது. மேற்கோள் காட்டும்போது பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த நான்காவது பாகம்தான். உங்களுக்கு இன்று மிகவும் தேவைப்படுவதும் அதுதான். பேசாமல் இருந்துவிடுவதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. மேலதிகாரியின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டியதில்லை, சக ஊழியரோடு கசப்பு வராது, கேட்டும் கிடைக்கவில்லை என்ற அவமானமும் நேராது. இந்தப் பாதுகாப்பின்மீது வைக்கும் பற்றும் பற்றுதான்.

நீங்கள் பற்றைத் துறந்துதான் பேசாமல் இருந்தீர்களா என்பதைச் சோதிக்கக் கீதையே அளவுகோல் தருகிறது. செயற்புலன்களை அடக்கிவைத்துவிட்டு, உள்ளே மனத்தால் அதையே நினைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவனை 3-ஆம் அத்தியாயத்தின் 6-ஆம் சுலோகம் பொய்யொழுக்கம் உடையவன் என்கிறது. கடுமையான சொல்தான், உங்களைக் குறைசொல்ல அதை எடுத்துக்காட்டவில்லை. நாக்கு அடங்கியிருக்க, இரவில் மனம் அந்தச் சக ஊழியரோடு வழக்காடிக்கொண்டிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? அது துறவு நிகழவில்லை என்பதற்கு அடையாளம். 18-ஆம் அத்தியாயம் இதை மேலும் தெளிவாக்குகிறது. துன்பம் தருகிறதே என்று அஞ்சி ஒரு செயலைக் கைவிடுவது ராஜஸமான, அதாவது ஆசையும் பரபரப்பும் கலந்த தியாகம், அப்படிச் செய்பவன் தியாகத்தின் பலனை அடைவதில்லை என்று 8-ஆம் சுலோகம் கூறுகிறது. செய்யவேண்டியது இது என்பதற்காகவே செய்து, பற்றையும் பலனையும் விடுவதுதான் சாத்விகமான, அதாவது தெளிந்த மனத்தின் தியாகம் என்று அடுத்த சுலோகம் சொல்கிறது. ஆகவே விடவேண்டியது செயலை அன்று.

"என் உழைப்புக்கு அங்கீகாரம் கேட்பதே பலனை விரும்புவது ஆகாதா?" என்று நீங்கள் கேட்கக்கூடும். இதற்கு மகாபாரதத்திலேயே மறுக்க முடியாத விடை இருக்கிறது. பலன் கருதாமையை உபதேசித்த அதே கண்ணன், போருக்கு முன் பாண்டவர்களின் உரிமைப் பங்கைக் கேட்டுக் கௌரவர் அவைக்குத் தானே தூது போனான். அரசில் பங்கு இல்லையென்றால் ஐந்து ஊர்களாவது தரட்டும் என்ற அளவுக்குப் பாண்டவர் தரப்பு இறங்கிவந்திருந்தது. அவையின் நடுவே நின்று அவன் தெளிவாகக் கேட்டான். நியாயத்தை எடுத்துச் சொன்னான். மறுத்தபோது கலங்காமல் திரும்பினான். அந்தத் தூது அவன் பெருமைக்கு இழுக்கு என்று நம் மரபு நினைக்கவில்லை. "பஞ்சவர்க்குத் தூது நடந்தானை ஏத்தாத நாவென்ன நாவே" என்று சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் அதையே புகழாகப் பாடினார்கள். உரிமையைக் கேட்பதற்கும் பற்றின்மைக்கும் பகை இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

எனவே நீங்கள் பேசத்தான் வேண்டும் என்பது என் கருத்து. காலம் கடந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அறிக்கையின் முதல் வரைவுகள், தேதியிட்ட மின்னஞ்சல்கள், கணக்கீட்டுத் தாள்கள் என்று உங்களிடம் உள்ளவற்றை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். பிறகு மேலதிகாரியிடம் தனியாகப் பேச நேரம் கேளுங்கள். எப்படிப் பேசுவது என்பதற்கு 17-ஆம் அத்தியாயத்தின் 15-ஆம் சுலோகம் வழிகாட்டுகிறது. பிறரைப் பதறவைக்காத, உண்மையான, இனிமையும் நன்மையும் உடைய சொல்லே வாக்கினால் செய்யும் தவம் என்கிறது அது. இனிமை என்பதற்காக உண்மையை விழுங்கிவிடவும் கூடாது, உண்மை என்ற பெயரில் ஆளைக் குத்தவும் கூடாது. "அவர் திருடிவிட்டார்" என்று தொடங்கினால், பேச்சு அவருடைய நடத்தையைப் பற்றிய வழக்காக மாறி, நீங்கள் வழக்குத் தொடுப்பவராகிவிடுவீர்கள். "இந்த அறிக்கையை இன்ன மாதத்தில் நான் தயாரித்தேன், அதற்கான வரைவுகள் இவை, என் பங்கு பணிக்குறிப்பில் பதிவாக வேண்டும், அடுத்த உயர்வின்போது இது கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும்" என்று சொன்னால் பேச்சு வேலையைப் பற்றியதாகவே இருக்கும். மேலதிகாரியும் பதில் சொல்லக்கூடிய ஒரு கோரிக்கை அதில் இருக்கிறது.

அதன்பின் என்ன ஆகும் என்பது உங்கள் கையில் மட்டும் இல்லை. எந்தச் செயலும் நிறைவேற ஐந்து காரணங்கள் கூட வேண்டும் என்று 18-ஆம் அத்தியாயத்தின் 14-ஆம் சுலோகம் கணக்கிடுகிறது: செயலுக்கு இருப்பிடமானது, செய்பவர், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். செய்பவர் அந்த ஐந்தில் ஒருவர்தான். மேலதிகாரியின் இயல்பு, நிறுவனத்தின் நிலை, நீங்கள் கேட்கும் வேளை ஆகிய எதையும் நீங்கள் ஆள முடியாது. பலனில் உரிமை இல்லை என்ற வாக்கியத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படித்தால் அது கட்டளையாகத் தோன்றாமல், உலகம் இயங்கும் விதத்தைச் சொல்லும் நிதானமான உண்மையாகத் தெரியும். உங்கள் பங்கை முழுமையாகச் செய்த பிறகு மற்ற நான்கின் சுமையை உங்கள் தோளில் ஏற்றிக்கொள்ளாமல் இருப்பதுதான் நீங்கள் பயிலவேண்டிய பற்றின்மை. கோரிக்கை மறுக்கப்பட்டால், அங்கேயே தொடர்வதா, வேறு பிரிவுக்கோ வேறு நிறுவனத்துக்கோ மாற முயல்வதா என்று யோசிக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அதுவும் செயலே.

இரவில் திரும்பத் திரும்ப வரும் நினைவைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்றையே நினைத்துக்கொண்டிருப்பதால் அதில் பற்று வருகிறது, பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், கோபத்திலிருந்து மயக்கம், மயக்கத்தால் நினைவு தடுமாறுகிறது, அதனால் புத்தி அழிகிறது என்று 2-ஆம் அத்தியாயத்தின் 62, 63-ஆம் சுலோகங்கள் ஒரு சங்கிலியைக் காட்டுகின்றன. என் தொழிலில் கோபத்தைக் கையாளக் கற்பிக்கும்போது, கோபம் முற்றிய பிறகு அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், அது தொடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள் என்றுதான் நாங்கள் சொல்கிறோம். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி நினைவில் அசைபோடுவது. அதை மூடி மறைக்க முயலாமல், எழும்போதே "மீண்டும் அந்த வழக்கு தொடங்குகிறது" என்று பெயரிட்டு அறிந்துகொள்ளுங்கள். மேலதிகாரியிடம் சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டுப் படுங்கள். செய்யவேண்டியது செய்யப்படாமல் கிடக்கும்போது மனம் அதை விடாமல் நினைவூட்டுகிறது. பேசி முடித்த பிறகு அந்த நினைவின் வேகம் பெருமளவு குறைவதை நீங்கள் காண்பீர்கள் என்றே எதிர்பார்க்கிறேன்.

அந்தச் சக ஊழியரை நாள்தோறும் எதிர்கொள்வதற்குப் பதஞ்சலி உதவுவார். மனம் தெளிவு பெற, இன்புற்றிருப்போரிடம் நட்பும், துன்புறுவோரிடம் இரக்கமும், நல்லோரிடம் மகிழ்ச்சியும், தீமை செய்வோரிடம் உபேட்சையும், அதாவது பொருட்படுத்தாமையும் கொள்ளுமாறு யோக சூத்திரத்தின் 1-ஆம் பாதத்தின் 33-ஆம் சூத்திரம் கூறுகிறது. எல்லோரையும் ஒரேபோல நேசித்தாக வேண்டும் என்று அவர் வற்புறுத்தவில்லை. தவறு செய்தவரிடம் வேலைக்குத் தேவையான அளவு முறையாகப் பழகி, அவரைத் திருத்தும் பொறுப்பையும் தண்டிக்கும் பொறுப்பையும் மனத்திலிருந்து இறக்கிவைத்தால் போதுமானது. அவரை மன்னிக்க முடியவில்லையே என்று வருந்திக்கொண்டிருக்க வேண்டாம். இனி உங்கள் வரைவுகளை யாரிடம் எப்படிப் பகிர்வது என்பதில் எச்சரிக்கையாக இருப்பதும் இதற்கு முரணாகாது.

வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்தது. அலுவலகத்தில் இழந்ததைப் பிறகு ஈடுசெய்துவிடலாம். பதின்வயது மகன் தன் தாய்க்குத் தன்மேல் அக்கறை இல்லை என்று நம்பிவிட்டால், அதை மாற்ற நெடுங்காலம் ஆகும். மகன், மனைவி, வீடு முதலியவற்றில் பற்றும் ஒட்டுதலும் இல்லாமையை 13-ஆம் அத்தியாயம் ஞானத்தின் இலக்கணங்களில் ஒன்றாகச் சொல்வதை நீங்கள் வகுப்பில் கேட்டிருப்பீர்கள். ஆனால் அதே சுலோகத்தின் இரண்டாம் பாதி, விரும்பியது நேர்ந்தாலும் விரும்பாதது நேர்ந்தாலும் சமமான மனம் உடையவராய் இருத்தல் என்று அதற்கு விளக்கம்போல அமைந்திருக்கிறது. 12-ஆம் அத்தியாயத்தின் 13-ஆம் சுலோகமோ, இறைவனுக்கு இனியவனின் இயல்புகளைச் சொல்லும்போது, எவ்வுயிரையும் வெறுக்காதவன், நட்பும் கருணையும் உடையவன் என்றுதான் தொடங்குகிறது. "எனது" என்பது இல்லாதவன் என்பது அதற்குப் பிறகே வருகிறது. பற்று குறைந்த இடத்தில் அன்பு கூட வேண்டும். அன்பும் சேர்ந்தே குறைகிறது என்றால், அங்கே நடப்பது வேறு ஏதோ ஒன்று.

நமக்கெல்லாம் தெரிந்த "கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா" என்ற கதையின் மூலவடிவம் மகாபாரதத்தின் வனபர்வத்தில் இருக்கிறது. தவ வலிமையால் கொக்கை எரித்த கௌசிகன் என்பவன் ஒரு வீட்டு வாசலில் பிச்சைக்கு நிற்கிறான். கணவனைக் கவனித்துவிட்டுத் தாமதமாக வந்த இல்லத்தரசி, அவன் சினத்தைக் கண்டு, நான் கொக்கல்லள் என்கிறாள். அவன் வியந்துபோய்க் கேட்க, தர்மத்தைக் கற்க விரும்பினால் மிதிலையில் இருக்கும் தர்மவியாதனிடம் போ என்று அனுப்புகிறாள். அங்கே போனால் அவன் இறைச்சி விற்பவன். தன் முதிய பெற்றோரைப் பேணுவதே தன் வழிபாடு என்கிறான். மனைவி கணவனுக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்பதற்காக இந்தக் கதையைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பல காலம் தவம் செய்து கோபத்தை வெல்லாத ஒருவன், வீட்டு வேலையிலும் கடைத் தொழிலிலும் கவனம் சிதறாமல் இருந்த ஒரு பெண்ணிடமும் ஓர் ஆணிடமும் பாடம் கேட்கிறான். உங்கள் கேள்விக்குத் தேவையானது அந்தச் செய்திதான்.

மகனிடம் செய்யவேண்டியது எளிது. அவன் மதிப்பெண் அவனுடைய பலன். அதை நீங்கள் ஆள முடியாது, அவனும் முழுமையாக ஆள முடியாது. அவன் இன்று எதைப் படித்தான், எங்கே சிக்கிக்கொண்டான், சரியாகத் தூங்கினானா, எதற்கு அஞ்சுகிறான் என்று நாள்தோறும் விசாரிப்பது உங்கள் செயல். அதை விட்டுவிடாதீர்கள். "எவ்வளவு வரும்?" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். இத்தனை நாள் ஒதுங்கியிருந்ததன் காரணத்தையும் அவனிடம் சொல்லிவிடுவது நல்லது: "உன்மேல் அழுத்தம் வரக் கூடாது என்று நினைத்து விலகியிருந்தேன்; அது உனக்கு வேறுவிதமாகத் தோன்றியிருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது" என்றால் அவன் வயதுக்கு அது நன்றாகவே விளங்கும். கணவரிடமும் இதே நேர்மை வேண்டும். அலுவலகத்தில் நடந்ததை அவரிடம் முழுவதும் சொன்னீர்களா என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. சொல்லவில்லையென்றால், நீங்கள் எதிலும் ஒட்டாததாக அவர் காண்பது, உண்மையில் நீங்கள் தனியாகச் சுமந்துகொண்டிருக்கும் வேதனையாக இருக்கலாம்.

உங்கள் தாயாருக்காக அழுவதைப் பற்றி ஒரு வார்த்தைகூட நீங்கள் வெட்கப்பட்டு எழுதியிருக்க வேண்டியதில்லை. அறிஞர்கள் இறந்தவர்களுக்காகவும் இருப்பவர்களுக்காகவும் வருந்துவதில்லை என்ற வாக்கியத்தை நேரில் நின்று கேட்டவன் அர்ச்சுனன். போரின் பதின்மூன்றாம் நாள் அபிமன்யு மாண்ட செய்தி கேட்டபோது அந்த அர்ச்சுனனே கதறி அழுதான். கண்ணன் அவனைத் தேற்றினானே ஒழிய, இவ்வளவு உபதேசித்தும் அழுகிறாயா என்று கேட்கவில்லை. போர் முடிந்தபின், களத்தில் கிடந்தோரைப் பார்த்துப் பெண்கள் புலம்புவதற்கென்றே வியாசர் ஸ்திரீ பர்வம் என்று ஒரு முழுப் பர்வத்தை ஒதுக்கினார். அங்கே காந்தாரியின் சாபத்தைக் கண்ணன் அமைதியாக ஏற்றுக்கொண்டான். சாந்தி பர்வமோ தர்மபுத்திரரின் துயரத்தோடு தொடங்குகிறது. தம்பியரும் திரௌபதியும் வியாசரும் கண்ணனும் மாறி மாறி அவரைத் தேற்றவேண்டியிருக்கிறது. கீதையைத் தன்னுள் வைத்திருக்கும் அதே இதிகாசம் துயரத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கும்போது, நீங்கள் உங்களுக்கு ஏன் அதை மறுக்க வேண்டும்? அழுகை வந்தால் அழுங்கள். தாயாரைப் பற்றிக் கணவரோடும் மகனோடும் பேசுங்கள். அவர்களும் அவரை இழந்தவர்கள்தாம்.

இதில் மருத்துவ நோக்கில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாளின் பெரும்பகுதியில் மனம் சோர்ந்தே இருப்பது, முன்பு பிடித்தவற்றில் நாட்டமின்மை, பசியும் உறக்கமும் கெடுவது, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எழுவது ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். எதிலும் ஒட்டாத நிலையும் அதன் அறிகுறிகளில் ஒன்று. வெளிப்பார்வைக்கு அது வைராக்கியம் போலவே தோன்றும். அப்படி ஏதேனும் உங்களிடம் இருந்தால் மனநல மருத்துவரை நேரில் சந்தியுங்கள். வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம், உடனே செல்லுங்கள். மருந்து தேவைப்பட்டால் அதை எடுத்துக்கொள்வது உங்கள் ஆன்மிகப் பயிற்சிக்குத் தடையாகாது.

தியானத்தைப் பொறுத்தவரை, முதலில் தூங்குங்கள். நள்ளிரவில் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவான உறக்கமே கிடைக்கிறது. வயதுவந்தோருக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். உறக்கம் குறைந்த மூளையால் கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த இயலாது. எரிச்சலும் எளிதில் வரும். அதிகம் உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும், அதிகம் உறங்குபவனுக்கும் விழித்தே இருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்று 6-ஆம் அத்தியாயத்தின் 16-ஆம் சுலோகம் வெளிப்படையாகவே சொல்கிறது. "உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே" என்ற திருமூலர் வாக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதிகாலை நேரம் சிறந்தது என்பது முன்னிரவிலேயே படுத்துவிடுகிறவர்களுக்குப் பொருந்தும். உங்களால் முன்னதாகப் படுக்க முடியாத நாள்களில், எழும் நேரத்தைத் தள்ளிவையுங்கள். தியானத்தை மாலையில் வீடு திரும்பியதும் பத்து நிமிடம் செய்தாலும் போதும்.

மனம் நிற்பதில்லை என்று நீங்கள் மட்டும் சொல்லவில்லை. மனம் காற்றைப் போல அடக்க முடியாதது என்று அர்ச்சுனன் முறையிடுகிறான். கண்ணன் அதை மறுக்காமல், ஐயமில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகே பயிற்சியாலும் வைராக்கியத்தாலும் அது வசப்படும் என்கிறான். மதயானையையும் வசமாக நடத்தலாம், கரடி, புலி வாயையும் கட்டலாம் என்று அடுக்கிக்கொண்டே வந்த தாயுமானவர், "சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறமரிது" என்று பாடினார். நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: அமருங்கள், மூச்சைக் கவனியுங்கள், மனம் ஓடியது தெரிந்தவுடன் கோபப்படாமல் திரும்ப அழைத்துவாருங்கள். ஓடியதை அறிவதும் திரும்புவதும்தான் பயிற்சி. எத்தனை முறை ஓடியது என்பது கணக்கில்லை. நீண்ட காலம், இடைவிடாமல், ஈடுபாட்டோடு செய்யும்போதுதான் பயிற்சி உறுதிபெறும் என்று பதஞ்சலி 1-ஆம் பாதத்தின் 14-ஆம் சூத்திரத்தில் கூறுகிறார். நாள்தோறும் பத்து நிமிடம் என்பது, வாரத்தில் ஒருநாள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து தோற்றுப்போனதாக உணர்வதைவிட அவர் சொன்னதற்கு நெருக்கமானது.

இவ்வளவு கேட்டும் மாறவில்லையே என்ற ஏக்கம் உங்கள் கடிதம் முழுவதும் இழையோடுகிறது. மகாபாரதத்தின் அசுவமேதிக பர்வத்தில் அநுகீதை என்ற பகுதி உண்டு. போரெல்லாம் முடிந்து அமைதி திரும்பிய பின், போர்க்களத்தில் நீ சொன்னவை எனக்கு மறந்துவிட்டன, மீண்டும் சொல் என்று அர்ச்சுனன் கண்ணனிடம் கேட்கிறான். கண்ணனுக்குச் சற்று வருத்தம்தான். அன்று சொன்னதை அப்படியே முழுவதும் மீண்டும் சொல்ல இயலாது என்கிறான். ஆனாலும் அவனைத் திருப்பி அனுப்பிவிடாமல், வேறு உரையாடல்கள் வழியாக நீண்ட உபதேசத்தை மறுபடி தருகிறான். மறந்து மறந்து மீண்டும் கேட்பது மாணவரின் வழக்கமே என்று எனக்கு இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

வகுப்பை நிறுத்திவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் அந்த எண்ணம் உங்களுக்குள் இருப்பதாக உணர்கிறேன். நிறுத்த வேண்டாம். இப்போதைக்குச் சொற்பொழிவுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒரு வாரத்துக்கு ஒரு சுலோகம் என்று எடுத்துக்கொண்டு, அந்த வாரத்தில் அலுவலகத்திலும் வீட்டிலும் அது எங்கே பொருந்தியது, எங்கே இடறியது என்று சிறு குறிப்பு எழுதிவாருங்கள். பணிந்தும், கேள்வி கேட்டும், தொண்டு செய்தும் ஞானத்தை அறிந்துகொள் என்று 4-ஆம் அத்தியாயத்தின் 34-ஆம் சுலோகம் சொல்வதால், எனக்கு எழுதிய இதே கேள்விகளை உங்கள் ஆசிரியரிடமும் தயங்காமல் கேளுங்கள். நூலின் முடிவில், இதை முழுவதும் ஆராய்ந்து பார், பிறகு நீ விரும்பியபடி செய் என்று அர்ச்சுனனிடம் கண்ணன் சொல்கிறான். அந்த ஆராயும் உரிமையை நல்ல ஆசிரியர் எவரும் மறுக்க மாட்டார். முதலில் மேலதிகாரியிடம் நேரம் கேட்டுவிடுங்கள். அந்தச் சந்திப்புக்குப் பிறகு உங்கள் உறக்கம் எப்படி இருக்கிறது என்று ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.